பத்திரிகையை நறுக்கியவன் எழுதுவது

மூர்த்தி,

கவரின் மேல் இருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை. எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்து உன் முகவரியை எழுதி வாங்கினேன். என் கையெழுத்து என்று தெரிந்தால் நீ பிரிக்காமலே ஓரமாகப் போட்டுவிடுவாய் என்ற பயம்தான். இந்த வயதில் பெற்ற மகனை ஏமாற்றித்தான் ஒரு கடிதத்தைப் படிக்க வைக்க வேண்டியிருக்கிறது. பிரித்தது பிரித்துவிட்டாய், கொஞ்சம் பொறுமையாகப் படி. நான் உன் நைனாதான் எழுதுகிறேன். திண்டிவனத்தில் நம் வீட்டு முன்னறையில், வாழ்த்து அட்டை ஒட்டுகிற அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கம்மா சமையல் கட்டில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருக்கிறாள், வேர்க்கடலை வாசனை முன்னறை வரைக்கும் வருகிறது. நான் மின்சார வாரியத்துக்கு ஏதோ புகார் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது முழுவதையும் நான் கேட்டுவிட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. பால் வாங்கிக்கொண்டு திரும்பியவன், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். உங்கம்மாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே, போனில் ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதானே பேசுவாள். அடுத்த வாரம் புதன்கிழமை ஓசூரில் உனக்குக் கல்யாணம் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து, அப்பறம் ஓட்டல்ல சாப்பாடு, அவ்ளோதாம்மா. நீ மட்டும் வா. நைனாவ இட்டுக்கினு வராத" என்றாய். உங்கம்மா, "அவரு இன்னாடா வேணும்னா செஞ்சாரு?" என்று கேட்டாள். "வேணும்னுதாம்மா செஞ்சாரு. பத்திரிகைன்னு ஒன்ன கண்ணுல காட்டுனா அந்தாளு கத்தியத் தூக்கிக்கினு வந்துடுவாரு. அதுக்குத்தான் இந்த வாட்டி பத்திரிகையே அடிக்கல" என்றாய். நான் பால் பாக்கெட்டோடு திரும்பி நடந்து, தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அரை நாள் உன் மேல் கோபமாக இருந்தது. 'அந்தாளு' என்றாயே என்று. சாயங்காலத்துக்குள் அந்தக் கோபமும் போய்விட்டது. போன பிறகு ஒன்றுமே இல்லாமல் இருப்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒன்றையாவது ஒழுங்காகச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே, "ஏங்க, கிருஷ்ணகிரில எங்க அக்காவுக்குக் கால் வீக்கமாம். அடுத்த வாரம் செவ்வாக்கெழம போயிட்டு ஒரு நாலு நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "போயிட்டு வா. ஜல்தி வந்துடு" என்றேன். கால் வீங்கிய அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த அக்காவுக்காக இப்போது இரண்டு கிலோ மல்லாட்டை உருண்டை பிடிக்கிறாளாம், வெல்லம் போட்டு. அரிசி டிரம்முக்குள் ஒரு பட்டுப்புடவையும் ஜரிகை வேட்டியும் துணிக்கடைப் பையில் கிடக்கின்றன. அந்த வேட்டியையும் அக்காதான் கட்டப்போகிறாள் போல. நான் இரண்டு நாளாக அரிசி எடுக்கப் போவதே இல்லை. கை தவறிப் பார்த்துவிட்டால் அவளுக்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும், பாவம்.

மூர்த்தி, நான் செய்ததை ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நீ கேட்டபோது நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடையின் கட்டிங் மிஷினில் முப்பது வருடம் நின்றுவிட்டு, ஓய்வு என்று வீட்டில் உட்கார்ந்தேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ரயிலில் போய்ப்போய் வந்த உடம்பு, திடீரென்று உட்காரச் சொன்னால் எப்படி உட்காரும். உங்கம்மா வெண்டைக்காய் நறுக்கினால்கூட ஒரே அளவாக இல்லை என்று சண்டைக்குப் போனேன். நீதான் ஓசூரிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பி, "நைனா, சும்மா குந்திக்கினு அம்மாவ பேஜாரு பண்ணாத. இதப் பாத்துப் பண்ணு" என்றாய். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் காகிதத்தை அரை அங்குலப் பட்டைகளாக நறுக்கி, நடுவில் ஒரு பென்சில் கோடு போட்டு, வலப்பக்கம் ஒன்று சாய்வாக, இடப்பக்கம் ஒன்று சாய்வாக, ஒன்றின் நுனி மேல் அடுத்ததன் நுனி ஏறி உட்காருகிற மாதிரி ஒட்டிக்கொண்டே போனாள். கடைசியில் நான்கு பக்கமும் ஓரத்தை வெட்டிவிட்டு, மடித்த அட்டையில் ஒட்டினால் வாழ்த்து அட்டை. உங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கெண்ட முள்ளு மாதிரி கீது" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குக் கெண்டை முள்ளு என்றுதான் பெயர்.

முதல் அட்டையைக் கோணலாகத்தான் செய்தேன். கீழே ஒரு பட்டை நூல் அளவு சாய்ந்தால் அப்போது தெரியாது. பத்துப் பட்டை தாண்டிய பிறகு மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். சரி பண்ணலாம் என்றால் மேலே இருக்கிற எல்லாவற்றையும் பிய்க்க வேண்டும், பிய்த்தால் கிழியும். ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன். பிறகு கைக்கு வந்துவிட்டது. நேராக வந்த முதல் அட்டையை உனக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், நீ கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினாய். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர்காரர் பார்த்துவிட்டுப் பத்துப் பத்தாக வாங்க ஆரம்பித்தார். எனக்கு ஓய்வு கசக்காமல் போனது உன்னால்தான்.

அடுத்த தையில் உனக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. அனந்தபுரத்துப் பெண், சுகன்யா. உனக்குப் பிடித்திருந்தது. போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருப்பாய், அதை வைத்துத்தான் சொல்கிறேன். உன் பத்திரிகையை நான் யாரையும் தொட விடவில்லை. பழைய கடைக்குப் போய், முதலாளியிடம் சொல்லிவிட்டு, நானே மிஷினில் நின்று ஓரம் வெட்டினேன். சிவப்பு அட்டையில் தங்க எழுத்து. ஊரான் வீட்டுப் பத்திரிகைகளை முப்பது வருடம் வெட்டியவனுக்குத் தன் மகன் பெயர் அந்த மிஷினுக்கு அடியில் வந்தால் எப்படி இருக்கும், நீயே யோசித்துக்கொள். உங்கம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கினாள். நூறு பத்திரிகை கொடுத்திருப்போம். அப்போது அனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. பெண்ணுக்கு விருப்பமில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தாலும் நீ சொல்லவில்லை. நூறு பேருக்கும் நான் போன் பண்ணினேன். ஒவ்வொருவரும் கேட்ட கேள்வியை நான் உனக்குச் சொல்லவில்லை.

மிச்சம் முந்நூறு பத்திரிகை. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையார் படம் போட்டு, மஞ்சள் தொட்ட பத்திரிகையைக் குப்பையில் போடக் கூடாது, கொளுத்தக் கூடாது, பழைய பேப்பர்காரனுக்கும் கொடுக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரிலோ ஏரியிலோ விட வேண்டும். கோடையில் கிடங்கல் ஏரிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு திரும்பி வந்து பரண் மேல் போட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. உங்கம்மா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மேலே பார்ப்பாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆறு மாதம் பார்த்தேன். எனக்கு அழத் தெரியாது, அழுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும், உனக்குத் தெரியாததா. ஒரு நாள் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது மூட்டையை இறக்கினேன். பாதிப் பத்திரிகைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மேலே இருந்த பிள்ளையார் படத்தையும் மஞ்சள் மூலைகளையும் தனியாக வெட்டிச் சாமி அலமாரியில் பத்திரமாக வைத்தேன். மீதியை அரை அங்குலப் பட்டைகளாக நறுக்கினேன். சாமி படத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவனுக்கு உன் பெயரைப் பத்திரப்படுத்தத் தோன்றவில்லை.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. முதல் இரண்டு அட்டைகளில் எழுத்து இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் ஒட்டினேன். மூன்றாவதில் ஒரு பட்டை கை தவறித் திரும்பி விழுந்தது. சிவப்பின் மேல் தங்க எழுத்து சாய்வாக ஓடியது. அவ்வளவு அழகாக இருந்தது, மூர்த்தி. எழுத்து என்று தெரிந்தது, யாருடைய பெயர் என்றும் தெரிந்தது. துண்டு துண்டாகக் கிடப்பதை யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு எழுத்து இருக்கிற பட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி மேலே வைத்தேன். ஃபேன்சி ஸ்டோர்காரர், "இன்னா அண்ணே, இது ஜோரா கீதே, எல்லாத்தையும் குடுங்க" என்றார். நான் வேலைக்காரன்டா. வேலை அழகாக வந்தால் எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நீ அம்மாவிடம் சொன்னது சரிதான், வேண்டுமென்றுதான் செய்தேன். உன்னை நோகடிக்க வேண்டும் என்று செய்யவில்லை, அவ்வளவுதான்.

உன் கூட்டாளி செல்வத்தின் கல்யாணத்துக்காக நீ ஊருக்கு வந்தாய். பையன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசு வாங்கி, அதன் மேல் வைக்க விழுப்புரத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டையும் வாங்கி வந்திருந்தார்கள். மண்டபத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உன் முறை வந்தபோது நீ குனிந்தாய். வலப்பக்கம் 'மூர்த்', இடப்பக்கம் 'சுகன்'. நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் எவனோ பார்த்துவிட்டு, "மச்சான், இது உன் பத்திரிகைடா!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தானாம். இதெல்லாம் செல்வம் பிறகு என்னிடம் சொன்னது. நீ வீட்டுக்கு வந்தபோது நான் இதே மேஜையில்தான் இருந்தேன், கையில் சிவப்புப் பட்டைகள். "இன்னா நைனா இது?" என்று மட்டும் கேட்டாய். அப்போது நான் எழுந்து உன் தோளைப் பிடித்திருக்கலாம். "தப்புப் பண்ணிட்டேன்டா" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பேப்பர் இன்னாடா பண்ணுச்சு உன்ன? வீணாப் போவுதேன்னு பண்ணேன்" என்பதுதான். நீ கல்யாணச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். இரண்டு வருடமாகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. எட்டாம் வகுப்பில் நீ எனக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை ஒன்று செய்தாய். கடையிலிருந்து நான் கொண்டுவந்த வெட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஓரமெல்லாம் கோணல். எனக்குக் கோணலைப் பார்த்தால் கை ஊறும். சந்தோஷத்தில் அதைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், மிஷினில் வைத்து, நான்கு பக்கமும் நேர் பண்ணிக்கொண்டு வந்து உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஓரத்தில் ஏதோ சின்ன எழுத்தில் எழுதியிருந்தாயாம், அது போய்விட்டிருந்தது. என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாய். அதற்குப் பிறகு நீ எனக்கு எதுவும் செய்து கொடுத்ததில்லை. அப்பாவாக இருந்து இதைத்தான் உனக்குச் சொல்ல முடிகிறது. நாளைக்கு உன் வீட்டில் உன் பெண்டாட்டி ஏதாவது ஒன்றை வைத்திருப்பாள், பழைய டப்பாவோ கிழிந்த புடவையோ. உனக்கு அது குப்பையாகத் தெரியும். கையை வைக்காதே. அவளிடம் கேள். கேட்பதற்கு உன் நைனாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப் போட்டால் மறுநாள் சொல்ல வாய் வராது, அப்புறம் அதுவே வருடமாகிவிடும்.

நீ போன மறுநாள் நான் விழுப்புரத்துக்கு ஓடினேன். முப்பது அட்டை கொடுத்திருந்தேன், எட்டுதான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் யார் வாங்கினார்கள் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும். எந்த ஊரில், எந்த வீட்டு அலமாரியில் உன் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் சாய்ந்து கிடக்கின்றனவோ. அதை நான் என்ன செய்தும் திருப்பி வாங்க முடியாது. போன மழைக்கு ஏரி நிரம்பியது. எட்டு அட்டையையும், நறுக்காமல் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டேன். பத்திரிகைகள் ஊறி உள்ளே போய்விட்டன. கெண்டை முள்ளு அட்டைகள் மட்டும் போகவில்லை. பட்டை மேல் பட்டையாக நான்தானே அழுத்தி ஒட்டியிருக்கிறேன், மிதந்துகொண்டே இருந்தன. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாடு மேய்க்கிறவர் ஒருவர், "இன்னா பெரியவரே, மீன் புடிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தடவை ஓசூருக்கும் வந்தேன். உங்கம்மாவுக்கே தெரியாது, விழுப்புரத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் பஸ்ஸில் ஏறினேன். உன் கம்பெனி கேட்டுக்கு எதிரில் ஒரு இளநீர்க் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். ஷிப்ட் முடிந்து நீ வந்தாய். கூட மூன்று நான்கு பேர். ஏதோ சொல்லி நீ வாய்விட்டுச் சிரித்தாய். கொஞ்சம் இளைத்திருந்தாய். கூப்பிட வாயைத் திறந்தேன். நான் கூப்பிட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் உங்கம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன், அவள் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடு என்று கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ தர்மசங்கடப்படுவாய். அந்த ஒரு நாளில் நீ என் முகத்தைப் பார்த்து செல்வத்தின் கல்யாண மண்டபத்தை நினைக்க வேண்டாம். வர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை உங்கம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து இந்த வீட்டில் நான்கு நாள் எப்படி உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது என் பாடு. நீ செய்ய வேண்டியது சிலதுதான். உங்கம்மாவுக்கு பஸ் செஞ்சி தாண்டினாலே வயிறு புரட்டும், வந்து இறங்கியதும் சோறு போடாதே, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடு. ஸ்டாண்டுக்கு நீயே வந்து நில், ஆள் அனுப்பாதே. நான்கு நாள் என்று சொல்லியிருக்கிறாள், ஆறு நாள் வைத்துக்கொள். "உங்க நைனாவுக்கு எதுவும் தெரியாதுடா, அக்கா ஊட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சொல்வாள். சொல்லும்போது பெருமையாக இருக்கும் அவளுக்கு, முதல் தடவையாக ஒரு பொய் பலித்திருக்கிறது அல்லவா. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

உங்கள் இருவருக்கும் ஒரு அட்டை செய்திருக்கிறேன். பழைய காகிதம் ஒரு துண்டுகூட இல்லை. கடையில் போய் வெள்ளைத் தாளும் பச்சைத் தாளும் புதிதாக வாங்கி நறுக்கினேன், எழுத்து எதுவும் இல்லாதது. ஓரத்தை வெட்டவில்லை, கோணல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அனுப்ப முடியவில்லை. உள்ளே உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் எழுத வேண்டிய பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீ போனில் சொன்னாய், சரியாக அந்த நேரத்தில் தண்ணி லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அம்மாவிடம் கேட்க முடியாது. நீ அவளிடம் சொல்லி அனுப்பினாலும் அக்கா வீட்டுக்குப் போனவள் என்னிடம் எப்படிச் சொல்வாள். அதனால் ஒரு தபால் கார்டு போடு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம், நைனா என்று எழுத வேண்டாம், கீழே கையெழுத்துப் போடவும் வேண்டாம். என் மருமகளின் பெயரை மட்டும் எழுதிப் போடு.